ஸ்டீயரிங் உதறுதா? முதல்ல அளந்து பாருங்க!

நான் பி.காம். மூன்றாம் வருடம். டெபிட், கிரெடிட் தவிர வேறு எதுவும் தெரியாத ஜாதி. எனக்கும் கார் சக்கரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இப்போது இருக்கிறது. ஏனென்றால் எங்கள் வீட்டுக் கார் சக்கரத்தைக் கெடுத்ததே நான்தான்.

அப்பாவிடம் இருப்பது 2014 ஸ்விஃப்ட் டீசல், வி.டி.ஐ. இரண்டாவது கை. அவர் தோல் கெமிக்கல் வியாபாரத்தில் கமிஷன் ஏஜென்ட். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று டேனரி டேனரியாகச் சுற்றுவதுதான் தொழில். மாதத்தில் நாலைந்து தடவை சென்னை. ஆம்பூரிலிருந்து ஏறக்குறைய 180 கிலோமீட்டர். கார் அவருக்குச் சொகுசு இல்லை, கடை. அந்தக் கடைக்கு அழகு பார்க்கலாம் என்று ஆசைப்பட்டேன். ஒரு ஷூ கம்பெனியில் சாயங்கால நேரத்தில் ஸ்டோர் கணக்கு எழுதிச் சேர்த்த பணத்தில் நாலு அலாய் வீலும் புது டயரும் வாங்கிப் போட்டேன். 15 அங்குலம். கறுப்பும் வெள்ளியும் கலந்த டிசைன். தெருவே திரும்பிப் பார்த்தது. அப்பாகூட "பரவாயில்லடா" என்றார். எங்கள் அப்பா வாயிலிருந்து "பரவாயில்லை" வருவது மற்றவர்கள் கைதட்டுவதற்குச் சமம்.

மறுநாள் காலையில் சென்னை கிளம்பினார். பள்ளிகொண்டா டோல் தாண்டியதும் போன் வந்தது.

"டேய், ஸ்டீயரிங் கையில நிக்க மாட்டேங்குதுடா. எண்பதைத் தாண்டினா உதறுது. தொண்ணூத்தஞ்சுல பல்லு ஆடுது. நூத்திப்பத்து போனா கொஞ்சம் அடங்குது. என்னத்தடா மாட்டின?"

அங்கே ஆரம்பித்தது என் படிப்பு.

ஆளுக்கொரு வைத்தியம்

நம் ஊரில் ஜுரம் என்றால் பத்து பேர் பத்து மருந்து சொல்வார்கள் இல்லையா, அதே கதைதான். முதலில் வீல் வாங்கிய கடைக்கே போனேன். "பேலன்சிங் பண்ணா சரியாயிடும் தம்பி" என்றார்கள். மெஷினில் ஏற்றினார்கள், ஈயக்கட்டி ஒட்டினார்கள், திரையில் சைபர், சைபர் என்று காட்டியது. ரோட்டில் அதே உதறல். வேறொரு கடை. மறுபடி பேலன்சிங், மறுபடி சைபர், மறுபடி உதறல். மூன்றாவது கடையிலும் அதே. நடுவில் இரண்டு முறை அலைன்மென்ட். அப்புறம் ஒருவர் "டிஸ்க் வளைஞ்சிருக்கும், கடைசல் போடணும்" என்றார். கடைசியாக ஒருவர் காரை ஆட்டிப் பார்த்துவிட்டு, "ரேக் போயிடுச்சு, பதினெட்டாயிரம் ஆகும்" என்றார்.

இதில் யாரையும் திருடன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொருவரும் தன்னிடம் இருக்கிற மெஷினுக்கு ஏற்ற நோயைச் சொன்னார்கள். பேலன்சிங் மெஷின் வைத்திருப்பவருக்கு எல்லாமே பேலன்சிங் கோளாறு. கடைசல் பட்டறை வைத்திருப்பவருக்கு எல்லாமே டிஸ்க் கோளாறு. மனித இயல்பு அது. என் கோபம் வேறு. நேற்று வரை ஒழுங்காக ஓடிய கார், வீல் மாற்றிய அன்று உதற ஆரம்பித்தது என்றால், நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் மாறியது என்ன என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பதுதான் கொடுமை. கணக்கில் ட்ரயல் பேலன்ஸ் இடித்தால் நேற்று வரை சரியாக இருந்த பக்கத்தை விட்டுவிட்டு இன்றைய பதிவைத் தேடு என்று முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் புத்தி காரில் வரவில்லை.

உதறல் என்ன பாஷை பேசுகிறது?

அப்புறம் உட்கார்ந்து படித்தேன். தெரிந்தவர்களைக் கேட்டேன். உதறல் சும்மா உதறுவதில்லை, எங்கே, எப்போது என்று இரண்டு விஷயத்தைச் சொல்கிறது.

1. ஸ்டீயரிங்கில் மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் முன் சக்கரம். சீட்டிலும் தரையிலும் தெரிந்தால் பெரும்பாலும் பின் சக்கரம்.

2. எண்பதுக்கும் நூற்றுப்பத்துக்கும் நடுவில் வந்து, பிறகு குறைந்தால் சுழலும் பொருளில் எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, அல்லது சக்கரம் மையத்தில் உட்காரவில்லை.

3. பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம்.

4. முப்பது நாற்பதிலேயே அலை அலையாக ஆடினால் ரிம் வளைந்திருக்கலாம், டயர் உள்ளே பெல்ட் விட்டுப் புடைத்திருக்கலாம். இதில் ஓட்டிக்கொண்டே இருக்கக் கூடாது.

5. ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் வந்து, காலை எடுத்தால் நின்றால் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட்டைப் பார்க்கணும்.

6. கார் ஒரு பக்கம் இழுத்தால், டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்தால், அது அலைன்மென்ட். அலைன்மென்ட் கோளாறு பொதுவாக இப்படித் தொண்ணூற்றைந்தில் மட்டும் உதறலாக வராது. (நான் இரண்டு தடவை காசு கொடுத்தது இதற்குத்தான்!)

அப்பாவின் கார் இரண்டாவது வகை என்பது அவர் போனில் சொன்ன முதல் வாக்கியத்திலேயே இருந்தது. எண்பது, தொண்ணூற்றைந்து, நூற்றுப்பத்து என்று எண் எண்ணாகச் சொன்னார். நான்தான் காதில் வாங்கவில்லை.

ஏன் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வருகிறது? 185/65 ஆர்15 டயரின் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். நூறு கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 14 சுற்று சுற்றுகிறது. சஸ்பென்ஷனுக்கும் சக்கரத்துக்கும் சேர்த்து ஒரு சொந்தத் தாளம் உண்டு, அதுவும் கிட்டத்தட்ட அந்த வட்டாரத்தில்தான். ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால் சின்னக் குழந்தைகூட உயரமாக ஆட்டிவிடும். தாளம் மாறினால் பெரியவர் தள்ளினாலும் ஆடாது. அவ்வளவுதான் விஷயம்.

காசில்லாத சோதனை

பதினெட்டாயிரம் என்று கேட்ட பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. கழற்றிய பழைய இரும்பு வீல் நாலும் மாடியில் சாக்குக்குள் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஜாக்கி போட்டு, நாலையும் மாட்டினேன். வாணியம்பாடி வரை போய் வந்தோம். அப்பா ஓட்டினார். தொண்ணூற்றைந்து. ஸ்டீயரிங் கல் மாதிரி நின்றது!

ரேக் போகவில்லை. டிஸ்க் வளையவில்லை. இதுவரை பிடித்த எல்லா நோயும் ஒரே மணி நேரத்தில், ஒரு பைசா செலவில்லாமல் குணமாகிவிட்டது. கோளாறு புது வீல், டயர், நட்டு, மாட்டிய விதம் இந்த நாலில் ஒன்று.

பழைய வீல் இல்லாதவர்கள் என்ன செய்யலாம்? முன் சக்கரத்தைப் பின்னாலும் பின் சக்கரத்தை முன்னாலும் மாற்றிப் போடுங்கள். உதறல் கையிலிருந்து சீட்டுக்கு நகர்ந்தால் குற்றவாளி அந்தச் சக்கரம். நகராவிட்டால் வண்டியைப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று கடைசி வரை தெரியாது.

ஏழாம் நம்பர் ஷூ

என் மாமா ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். அவரிடம் புலம்பினேன். அவர் கேட்ட கேள்வி இது. "காலுக்கு ஏழாம் நம்பர்னு சொன்னா எல்லா ஏழாம் நம்பரும் பொருந்துமாடா? நீளம் ஒண்ணா இருக்கும். அகலம்? லாஸ்ட் வேற, ஷூ வேற. உன் வீலுக்கு என்ன அளவு பார்த்து வாங்கின?"

நான் பார்த்தது ஒரே ஒரு அளவு. நாலு ஓட்டை, 100 மி.மீ. வட்டம். அதாவது நாலு நட்டும் உட்காரும் வட்டத்தின் விட்டம். கடைக்காரரும் அதை மட்டும்தான் பார்த்தார். "ஸ்விஃப்டுக்கு உட்காரும்" என்றார். உட்கார்ந்தது.

மாமா கம்பெனி மெயின்டனன்ஸ் செக்ஷனிலிருந்து ஒரு வெர்னியர் வாங்கி வந்தார். காரின் ஹப், அதாவது நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் வட்ட மூக்கு, 54 மி.மீ. சொச்சம். (ஸ்விஃப்டுக்கு 54.1.) பழைய இரும்பு வீலின் நடு ஓட்டையும் அதே 54.1, கச்சிதமாக அப்பிக்கொள்கிறது. புது அலாயின் நடு ஓட்டை? 67.1! சுற்றிலும் ஆறரை மி.மீ. இடைவெளி. சுண்டு விரல் நுனி போகிற அளவு காலி இடம்.

இதில் மர்மம் எதுவும் இல்லை. ஹோண்டா சிட்டிக்கு 56.1, ஸ்விஃப்டுக்கும் ஹூண்டாய் ஐ20க்கும் 54.1 என்று ஒவ்வொரு காருக்கும் மூக்கு ஒவ்வொரு அளவு. எல்லாவற்றுக்கும் தனித்தனி வீல் வார்த்தால் கட்டுப்படியாகாது. அதனால் வெளிச்சந்தைக்கு வார்ப்பவர்கள் ஓட்டையைப் பெரிதாக விட்டுவிடுகிறார்கள். நடுவில் ஒரு வளையம் போட்டு அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. பிளாஸ்டிக்கிலோ அலுமினியத்திலோ சென்டரிங் ரிங் என்று கிடைக்கும். எனக்கு விற்ற கடையில் அந்த வளையத்தைத் தரவில்லை. நானும் கேட்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

சரி, பேலன்சிங் மெஷின் ஏன் சைபர் காட்டியது? இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். மெஷினில் வீலை நடு ஓட்டையில் கூம்பு செருகிப் பிடிக்கிறார்கள். அங்கே வீல் தன் மையத்தில் சுற்றுகிறது, சைபர் உண்மைதான். காரில் அந்த ஓட்டை எதையும் தொடவில்லை. நாலு நட்டு எங்கே பிடித்ததோ அங்கே நிற்கிறது. மெஷின் பொய் சொல்லவில்லை, நாம்தான் மெஷினைக் கேட்கக் கூடாத கேள்வி கேட்டோம்.

எவ்வளவு விலகினால் எவ்வளவு ஆட்டம்? கணக்குப் பிள்ளை என்பதால் போட்டுப் பார்த்தேன். டயரோடு சேர்த்து ஒரு வீல் 16 கிலோ என்று வையுங்கள். அது வெறும் அரை மி.மீ. மையம் விலகி உட்கார்ந்தால், ரிம் ஓரத்தில் 42 கிராம் எடையை ஒட்டி வைத்ததற்குச் சமம். 30 கிராம் எடையே நூறு கிலோமீட்டர் வேகத்தில் நாலரை கிலோ பலத்தோடு நொடிக்கு 14 தடவை இழுக்கும். ஐம்பதில் அது ஒரு கிலோ சொச்சம்தான், வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலு மடங்கு. இது போக, அரை மி.மீ. விலகிய சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மி.மீ. ஏறி இறங்கும். அதை எந்த ஈயக்கட்டியாலும் சரிசெய்ய முடியாது.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ரிம் ஓரத்துக்கு அருகில் ஒரு குச்சியை அசையாமல் நிறுத்தி, கையால் சுற்றுங்கள். குச்சிக்கும் ரிம்முக்கும் நடுவில் இடைவெளி கூடிக் குறைந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பேலன்சிங் மெஷினில் அதே ரிம் சீராகச் சுற்றினால் வீல் நல்லது, மாட்டியதுதான் தப்பு. மெஷினிலும் ஆடினால் ரிம் வளைவு. ரிம் இரண்டிலும் சீராக இருந்து டயர் மட்டும் துள்ளினால் டயர் கோளாறு. ஒரு குச்சி! மூன்று கடையில் கிடைக்காத பதில்.

கையால் கழன்ற நட்டு

இதுவரை படித்தவர்கள், கொஞ்சம் உதறல், அதற்கு ஏன் இத்தனை பெரிய கட்டுரை என்று நினைக்கலாம். நானும் வெறும் சௌகரியப் பிரச்சனை என்றுதான் நினைத்திருந்தேன், அலாயைக் கழற்றிய அந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

இடது முன் சக்கரத்தில் மூன்று நட்டு ஸ்பேனர் போட்டுக் கழன்றது. நாலாவது என் விரலாலேயே சுற்றியது. ஸ்டட்டைப் பார்த்தால் மரை மழுங்கி, பித்தளைச் சுருள் மாதிரி இரும்புத் துருவல் ஒட்டியிருந்தது. நட்டை எடுத்துக்கொண்டு தெருமுனை மெக்கானிக் பாயிடம் ஓடினேன். பார்த்த உடனே சொன்னார். "தம்பி, இது ஒண்ணரை மரை. மாருதிக்கு ஒண்ணே கால். இது ஹூண்டாய் நட்டு. கன்னு வச்சு ஏத்தியிருக்காங்க. ஏறுற வரைக்கும் ஏறி, மரையைத் தின்னுட்டு நின்னுருக்கு."

சுசுகி கார்களின் ஸ்டட் 12 மி.மீ. கனம், மரை இடைவெளி 1.25. ஹூண்டாய், ஹோண்டாவில் அதே 12 மி.மீ., மரை 1.5. கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். கையால் இரண்டு சுற்று ஏற்றிப் பார்த்தால் மூன்றாவது சுற்றில் முரண்டு பிடிக்கும், உடனே தெரிந்துவிடும். காற்றுத் துப்பாக்கிக்கு அந்த நிதானம் இல்லை. நல்ல நட்டுகளோடு ஒன்று கலந்து வந்திருக்கிறது. மாட்டின பையன் 'டர்ர்ர்' என்று அடித்தான், நின்றது, டைட் என்று நினைத்தான். டைட்டாக நிற்பது வேறு, பிடித்து நிற்பது வேறு. நல்ல நட்டு ஸ்டட்டை இம்மி அளவு இழுத்து, வீலை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தில்தான் மொத்தக் காரும் போகிறது. சிக்கிக்கொண்ட நட்டில் அந்த இழுப்பே இருக்காது.

அந்த நட்டோடு அப்பா மூன்று தடவை சென்னை போய் வந்திருக்கிறார். நடுவில் ஒரு நாள் ராத்திரி அம்மாவுக்கு மூச்சுத் திணறல் என்று வேலூர் சி.எம்.சி.க்கு இதே காரில்தான் போனோம். நான் பின் சீட்டில் அம்மா தலையை மடியில் வைத்திருந்தேன். அப்பா எவ்வளவு வேகத்தில் போனார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று ஸ்டீயரிங் எப்படி உதறியது என்று அவர் சொல்லவே இல்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அழகுக்காக என் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் பொருள் அது.

எப்படிச் சரி செய்தோம்

ஒரு ஸ்டட் புதிது. 1.25 மரையில், வீலின் கூம்புக் குழிக்கு ஏற்ற கூம்பு நட்டு பதினாறு. சென்னை ஜி.பி. ரோட்டில் 67.1க்கு 54.1 வளையம் நாலு. மொத்தம் இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. அதில் வளையத்தின் பங்கு அறுநூறு ரூபாய்!

மாட்டும்போது பாய் சொன்ன ஒழுங்கு இது. ஹப் முகத்தில் இருந்த துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும், ஒரு பொருக்கு துரு இருந்தாலும் வீல் சாய்ந்து உட்காரும். வளையத்தைப் போட்டு, சக்கரம் காற்றில் இருக்கும்போதே நாலு நட்டையும் கையால் ஏற்ற வேண்டும். பிறகு எதிர் எதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். தரையில் இறக்கிய பிறகு கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில். கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர், உங்கள் கார் கையேட்டில் சரியான எண் இருக்கும். அரை மீட்டர் பிடியின் நுனியில் 20 கிலோ அழுத்தம் கொடுத்தால் ஏறக்குறைய 100. ஏறி நின்று மிதிப்பதெல்லாம் வேண்டாம், ஸ்டட் நீளும், டிஸ்க் கோணும். ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை இறுக்கம் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. ஸ்டெப்னி இரும்பு வீல் என்றால் அதற்கான பழைய நட்டு நாலை டிக்கியிலேயே வையுங்கள். அலாய்க்கு வாங்கிய மெல்லிய நட்டு இரும்பு வீலில் சரியாக உட்காராமல் போகலாம்.

மாட்டினோம். தொண்ணூற்றைந்து. நூறு. அப்பா ஒன்றும் சொல்லாமல் ஒரு கையால் ஓட்டினார். எனக்குப் புரிந்தது.

"என் காரில் வளையமே இல்லை, நல்லாத்தான் ஓடுது"

இப்படிச் சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் சொல்வது உண்மை. கூம்பு நட்டு நாலும் சரியானதாக இருந்து, சக்கரத்தைக் காற்றில் வைத்து எதிர் எதிராக இறுக்கினால் கூம்பே வீலை மையத்துக்குக் கொண்டுவந்துவிடும். வளையம் எடையைத் தாங்குவதும் இல்லை, பிளாஸ்டிக்கே போதும் என்பதிலிருந்து அது தெரியும். இறுக்கும் அந்த ஒரு நிமிடத்துக்கு வீலை நடுவில் பிடித்துக்கொடுப்பது மட்டுமே அதன் வேலை.

ஆனால் நம் ஊரில் இறுக்குவது யார்? அவசரத்தில் ஒரு பையன், கையில் காற்றுத் துப்பாக்கி, பாதி இறக்கிய ஜாக்கி. ராத்திரி பஞ்சர் ஆனால் ரோட்டோரத்தில் நாமே. எல்லாம் சரியாக நடந்தால் வளையம் தேவையில்லை, எல்லாம் சரியாக நடக்காது என்பதால்தான் தேவை. காப்பீடு எதற்கு என்று கேட்பவருக்கு என்ன பதிலோ அதேதான் இதற்கும்.

"ஒரிஜினலை விட்டு எதற்கு மாற்றினாய்" என்பது இன்னொரு கட்சி. அப்பா கட்சி :-) அதிலும் நியாயம் உண்டு. வண்டியைப் பதிவுச் சான்றிதழுக்கு முரணாக மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த மூல அமைப்புக்கு முரணாக மாற்ற முடியாது என்று அழுத்திச் சொன்னது. ஆகவே என் யோசனை, உங்கள் காரின் உயர் மாடலுக்குக் கம்பெனியே என்ன அளவு கொடுத்ததோ அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வி.டி.ஐ.க்கு 165/80 ஆர்14, விட்டம் சுமார் 620 மி.மீ. மேல் மாடலுக்கு 185/65 ஆர்15, விட்டம் சுமார் 621. ஸ்பீடோமீட்டர்கூட மாறாது. 17 அங்குலம், வெளியே பிதுங்கிய வீல், ஸ்பேசர் என்று போனால் உதறல் உங்கள் பிரச்சனைகளிலேயே சின்னதாக இருக்கும்.

கணக்குப் புத்தகம்

இனி என் சப்ஜெக்ட். பேலன்சிங் மூன்று தடவை, அலைன்மென்ட் இரண்டு தடவை. 2,300 ரூபாய் வீண். நான் முழித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் ரேக்குக்கு 18,000. கோளாறின் உண்மையான விலை இரண்டாயிரத்துக்குள். விற்கும்போதே வளையம் கொடுத்திருந்தால் அறுநூறு. காஸ்ட் அக்கவுன்டிங் பாடத்தில் தடுக்கும் செலவு, தவறிய செலவு என்று இரண்டு தலைப்பு வரும். தேர்வுக்கு மனப்பாடம் செய்தேன், அர்த்தம் புரிந்தது இப்போதுதான்.

சட்டமும் பாடத்தில் உண்டு. 1930ஆம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டம், 16ஆம் பிரிவு. வாங்குபவர் எதற்காக வாங்குகிறார் என்று சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தக் காரியத்துக்குப் பொருந்தியாக வேண்டும் என்பது எழுதாத நிபந்தனை. நான் "ஸ்விஃப்டுக்கு வேணும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். ஆனால் பில்லில் "அலாய் வீல் - 4" என்று மட்டும் இருந்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, மாவட்ட ஆணையம் இருக்கிறது, ஆனால் என்ன அளவு விற்றார்கள் என்று காட்ட என் கையில் தாள் இல்லை.

அதனால் நான் சொல்வது ஒன்றே ஒன்று. அலாய் வாங்கும்போது பில்லில் ஐந்து விஷயம் எழுதித் தரச் சொல்லுங்கள். கார் மாடல், நட்டு வட்டத்தின் அளவு, நடு ஓட்டையின் அளவு, வளையத்தின் அளவு, நட்டின் மரை. ஐந்தையும் எழுதக் கடைக்காரருக்கு இரண்டு நிமிடம் ஆகும். எழுத வேண்டும் என்றால் அளந்தாக வேண்டும், அளந்தால் தப்பு அங்கேயே தெரிந்துவிடும். வீலில் தர முத்திரை இருக்கிறதா என்றும் திருப்பிப் பாருங்கள்.

நம்ம ஊருக்கு இது புதிதா என்ன? மாமா கம்பெனியில் அப்பருக்கு 1.2 முதல் 1.4 மி.மீ. தோல் கேட்டால், கேஜ் வைத்துப் பார்த்து 1.5 இருந்தால் தள்ளிவிடுவார்கள். வெளிநாட்டுக்காரன் காலுக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பார்க்கிற ஊர் இது. நம் அப்பா ஓட்டுகிற வண்டிக்கு ஆறரை மி.மீ. இடைவெளியை யாரும் பார்க்கவில்லை.

அளந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பக்கமே சாட்சி. பாலாற்றுத் தண்ணீர் கெட்டது என்று இங்கே எல்லோரும் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் மண்ணை ஆராய்ந்து, தோல் தொழில் வட்டாரத்தில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்று சொன்னது. அந்த எண் 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இடம்பெற்றது. புலம்பலை யாரும் எப்போதும் தள்ளிவிடலாம், எண்ணைத் தள்ளுவது கஷ்டம். இவ்வளவு பெரிய விஷயத்தை என் நாலு வீலோடு ஒப்பிடுவது கொஞ்சம் ஓவர்தான், மன்னிச்சுக்குங்க. ஆனால் பாடம் ஒன்றுதான்.

அந்த மழுங்கிய நட்டு இப்போது என் மேஜையில், பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பா ஒரு நாள் அதை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "தூக்கிப் போடாம இதை எதுக்குடா வச்சிருக்க?" என்றார். "ரசீதுப்பா" என்றேன். சிரித்துவிட்டு, வெர்னியரை மாமாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாயா என்று கேட்டார். இன்னும் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் ஐ20க்கு அலாய் வாங்கியிருக்கிறார், நாளைக் காலையில் வந்து அளந்து தரச் சொன்னார்.